கையை உயர்த்தினால் சிரிக்க வேண்டும்

உட்காருங்கள் தம்பி, இந்த இருக்கை காலிதான். என் பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என் வாய் இப்படித்தான் நின்றுவிட்டது. இடது தாடையில் இரண்டு தகடு, ஏழு திருகு. எலும்பு கூடிவிட்டது; உதட்டைப் பிடித்திருக்கும் நரம்பு கூடவில்லை. அதனால் யாரோடு பேசினாலும் இதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. போன மாதம் என் பெரியப்பா மகன் இறந்தார். பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். பிணத்தின் முன் இந்த முகத்தோடு போய் எப்படி நிற்பது?

நான் நீதிமன்ற நிறுத்தத்தில் இறங்க வேண்டும். பத்தரை மணிக்குச் சாட்சி. நீங்களும் அவ்வளவு தூரமா? நல்லது. பாலக்கரை நெரிசலைத் தாண்ட எப்படியும் அரை மணி ஆகும். என் தமிழைக் கேட்டு விழிக்க வேண்டாம். முப்பத்திரண்டு ஆண்டுகள் மேடையில் பேசிப் பழகிய நாக்கு, வீட்டிலும் இப்படித்தான் பேசுகிறது. "மாமா, தோசை வேணுமான்னு கேட்டா சொற்பொழிவு நடத்துறீங்க" என்பாள் என் மருமகள்.

என் பெயர் அம்பலவாணன். ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலராக இருந்தேன். காலை முறை தொடங்கும் முன் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பத்து நிமிடம் அறிவுரை சொல்வேன். வெறும் விதிகளைச் சொன்னால் யார் கேட்பார்கள்? கதையாகச் சொல்வேன். கதை மனிதனுக்குள் இறங்கும். விபத்து என்று ஒன்று இல்லை, யாரோ ஒருவர் செய்த பிழை மட்டுமே உண்டு என்பது என் கொள்கை. அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: அதற்கு முன்?

யேசடியான் என்று ஒருவர். பிரஸ் எந்திரம் அவர் வலக்கையின் நான்கு விரல்களை நறுக்கிவிட்டது. விரல்களை ஒரு டிபன் பாத்திரத்தில் போட்டு நானே மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். மூடியைத் திறந்தபோது ஒரு விரலில் மோதிரம் இருந்தது. அது கிடக்கட்டும். விசாரணையில் உட்கார்ந்தேன். விரல் ஏன் போயிற்று? கையை உள்ளே விட்டார். அதற்கு முன்? காப்புத் தகடு இல்லை. அதற்கு முன்? தகட்டைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. அதற்கு முன்? மாட்டுவதற்குப் போல்ட் இல்லை. அதற்கு முன்? போல்ட் கேட்டு எழுதிய கடிதம் ஓர் எழுத்தரின் மேசையில் பதினொரு நாள் கிடந்தது. அந்த எழுத்தரை வேலையிலிருந்து நீக்கும்படி எழுதினேன். "ஐயா, நான் அந்த எந்திரத்தையே பார்த்ததில்லையே" என்று அழுதார். நான் அசையவில்லை. "எந்திரத்தைத் தொட்டவர் கடைசி ஆள். நான் தேடுவது முதல் ஆளை" என்றேன். தம்பி, இதை நீங்கள் வாழ்நாள் முழுதும் நினைவில் வைக்க வேண்டும். கடைசிக் கையைப் பிடிப்பது எளிது. முதல் கையைப் பிடிப்பதே நேர்மை.

ஓய்வு பெற்ற பின் அருள்நகரில் குடியேறினேன். எங்கள் நகரை ஒட்டி மூன்று ஏக்கர் மாநகராட்சி நிலம் சும்மா கிடந்தது. ஒரு காலத்தில் உரக்கிடங்கு; பின்பு யாரும் சீண்டாத முள்காடு. நாங்கள்தான் முள்ளை வெட்டினோம், நடைபாதை போட்டோம், வேம்பும் புங்கும் வைத்தோம். எங்கள் நிலம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் எட்டு ஆண்டுகள் ஒரு மண்ணில் நடந்தால் அந்த மண்ணுக்கும் நம் காலுக்கும் ஓர் உறவு வந்துவிடாதா?

அங்கேதான் சிரிப்பு மன்றம் தொடங்கினேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள். வட்டமாக நின்று, கை தட்டி, "ஹோ ஹோ, ஹா ஹா ஹா" என்று வயிறு குலுங்கச் சிரிப்பது. நாற்பத்து மூன்று உறுப்பினர்கள். வேடிக்கைக்காக அல்ல, நுரையீரலுக்காக. தொழிற்சாலை ஒழுங்கை அங்கும் கொண்டுவந்தேன். நான் வலக்கையை விரல் விரித்து உயர்த்தினால் சிரிக்க வேண்டும். விரல்களை மூடினால் நிறுத்த வேண்டும். மூடும்வரை நிறுத்தக் கூடாது. முதல் வாரம் தடுமாறினார்கள். பிறகு பார்க்க வேண்டுமே! என் கை எழுந்ததும் நாற்பத்து மூன்று வாயும் ஒரே நேரத்தில் திறக்கும். அழகு தம்பி, அது ஓர் அழகு.

வாசலில் செல்லாயி என்றொரு பெண் கற்றாழைச் சாறு விற்றாள். வாய்க்கால்கரைக் குடிசையிலிருந்து அலுமினியத் தூக்கோடு விடியும் முன்னே வந்து நிற்பாள். "சார், இன்னிக்கு இஞ்சி கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்கேன், உங்களுக்குன்னு" என்பாள். ஆறு ஆண்டுகள் அவள் கையால் குடித்தேன். என் சர்க்கரை கட்டுக்குள் இருந்ததற்கு அவளும் ஒரு காரணம். நன்றியை மறைக்கக் கூடாது. போன ஐப்பசி வெள்ளத்தில் எங்கள் திடலிலும் இரண்டு நாள் சேறு. அப்போது அவள் பதினாறு நாள் வரவில்லை. திரும்பி வந்தபோது கண்டித்தேன். "செல்லாயி, சொல்லிவிட்டுப் போக வேண்டாமா? நாற்பது பேர் வெறும் வயிற்றோடு காத்திருந்தோம்" என்றேன். "தப்புதான் சார்" என்றாள். தம்ளரை நீட்டினாள். அந்தப் பணிவை நான் அன்று மன்றத்திலேயே பாராட்டிப் பேசினேன்.

ஏன் பதினாறு நாள் என்று கேட்டேனா? கேட்கவில்லை. பிறர் வீட்டு விஷயத்தில் நுழையும் பழக்கம் எனக்கு இல்லை.

மார்கழியில் அறிவிப்பு வந்தது. வாய்க்கால்கரைக் குடிசைகளை எடுத்துவிட்டு, அந்தக் குடும்பங்களுக்கு எங்கள் திடலில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வீடுகள் கட்டப் போகிறார்களாம். தை மாதம் சமுதாயக் கூடத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம். பேசியது அப்படியே பதிவாகி மேலே போகும்.

மன்றம் கொதித்தது. டயர் கடை நவநீதன், நல்ல உறுப்பினர், கொஞ்சம் முரடர். "சார், ஆளுக்கு ஒரு கட்டைய எடுத்துட்டுப் போவோம். நாலு பேரு மண்டை உடைஞ்சாத்தான் கூட்டம் ஒழுங்கா நடக்கும்" என்றார். நான் எழுந்து நின்றேன். "நவநீதன், வன்முறை என்ற சொல்லை இந்தத் திடலில் உச்சரிக்காதீர்கள்" என்றேன். ஒரு கதை சொன்னேன். தோட்டத்தில் குரங்குகள் புகுந்தன. தோட்டக்காரன் கல்லால் அடித்தான். குரங்குகள் பல்லைக் காட்டின, போகவில்லை. பிறகு ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து கிளையில் மாட்டினான். தன் முகத்தைத் தானே பார்த்த குரங்கு வெட்கித் தோட்டத்தை விட்டு ஓடியது. "நம் கண்ணாடி எது? நம் சிரிப்பு. அந்தப் பக்கத்து ஆள் ஒலிவாங்கியைப் பிடித்தால் நான் கையை உயர்த்துகிறேன். சிரியுங்கள். ஒரு சொல் பதிவாகக் கூடாது. ஒரு விரல் யார்மீதும் படவும் கூடாது" என்றேன். கைதட்டினார்கள். நான் யாரையும் குரங்கு என்று சொல்லவில்லை, கவனியுங்கள். கதையில் குரங்கு வந்தது, அவ்வளவுதான்.

கூட்டத்தன்று கூடம் நிரம்பி வழிந்தது. வலப்பக்கம் நாங்கள், இடப்பக்கம் அவர்கள். மடக்கு இரும்பு நாற்காலிகள். மேடைக்குக் கீழே ஒரு மேசை. அதன்மீது தெர்மாகோலில் செய்த அடுக்கு வீடுகளின் மாதிரி. வெள்ளை வெளேரென்று, பச்சைத் தூள் தூவிய மரங்களோடு. அவர்களுடைய பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று, "இது நம்ம வீடு, இது உங்க வீடு" என்று ஜன்னல்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. நவநீதன் கையில் குடை வைத்திருந்தார். தை மாதத்தில் குடை எதற்கு என்று ஒரு பாதுகாப்பு அலுவலன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

முதலில் அவர்கள் பக்கத்து இளைஞன் ஒருவன் பேச வந்தான். கையை உயர்த்தினேன். ஹோ ஹோ, ஹா ஹா ஹா. திகைத்துப் போய் திரும்பிவிட்டான். அடுத்து ஒரு முதியவர், எழுதிய தாளோடு வந்தார். உயர்த்தினேன். நான்கு முறை முதல் வரியைத் தொடங்கினார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தை நடத்திய அதிகாரி அம்மாள், "என்ன சார் இதெல்லாம்?" என்றார். "அம்மா, இது மூச்சுப் பயிற்சி. சிரிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா?" என்றேன். அதற்கு எங்கள் பக்கம் நான் கை காட்டாமலேயே சிரித்தது.

மூன்றாவதாகச் செல்லாயி வந்தாள். எங்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். வாசலில் தினமும் பார்க்கிற சார்கள், அம்மாக்கள் என்ற நம்பிக்கை போலும். வாயைத் திறந்தாள். நான் கையை உயர்த்தினேன்.

பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அவள் கணவன் மருதைமுத்து, காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். ஒரு நாற்காலியை மடக்கிக்கொண்டு வந்தான். அவன் வருவதை நான் பார்த்தேன். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தான். முகத்தில் கோபம்கூட இல்லை. அந்த அடியின் ஓசையை நான் காதால் கேட்கவில்லை தம்பி, பல்லால் கேட்டேன். மூன்று பற்கள் நாக்கின்மேல் கிடந்தன. அடுத்த நொடி நவநீதன் குடைத் துணியை உருவினார். உள்ளே இரும்புக் குழாய். மருதையின் முன்கையில் இறங்கியது, பச்சை விறகு ஒடிகிற சத்தம். மறுகையிலும் இறங்கியது. விழுந்தவனை ஆறேழு பேர் மிதித்தார்கள். என்னிடம் மூச்சுப் பயிற்சி கற்றவர்கள், மிதிக்கும்போதும் மூச்சை ஒழுங்காக விட்டார்கள். எங்கள் மன்றத்துப் பெண்கள் இருவர் செல்லாயியின் முடியைப் பற்றி, முகத்தை அந்த மேசையில் மோதினார்கள். ஒருமுறை அல்ல. தெர்மாகோல் வீடுகள் நொறுங்கின. வெள்ளைத் துகள்கள் அவள் நெற்றி இரத்தத்தில் ஒட்டிக்கொண்டன. தாளை மடித்து வைத்த முதியவர் நாற்காலிகளுக்கு அடியில் போய்விட்டார், இடுப்பெலும்பு முறிந்தது. பிள்ளைகள் அலறின. காவலர்கள் தடியோடு புகுந்து இரண்டு பக்கமும் விளாசினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் எங்கள் வரிசையில் சிலர் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். தரையில் கிடந்தபடி கேட்டேன். ஹோ ஹோ, ஹா ஹா ஹா. கண்களில் பயம், வாயில் சிரிப்பு. என் கை விழுந்துவிட்டது, ஆனால் நான் விரல்களை மூடவில்லை அல்லவா? மூடும்வரை நிறுத்தக் கூடாது என்பது விதி.

பதினொரு பேர் மருத்துவமனைக்குப் போனோம். வீட்டுத் திட்டம் நிறுத்தப்பட்டது. வென்றோமா என்று கேட்கிறீர்களா? திடலைச் சுற்றி முள்கம்பி போட்டுப் பூட்டிவிட்டார்கள். நாங்களும் உள்ளே போக முடியாது. நெடுஞ்சாலை ஓரம் லாரிப் புகையில் நடக்கிறோம். செல்லாயி இன்னும் அதே வாய்க்கால்கரையில். ஐப்பசி மறுபடியும் வந்துகொண்டிருக்கிறது.

மருதை அன்றிலிருந்து சிறையில். கொலை செய்யும் நோக்கத்தோடு தாக்கினான் என்று வழக்கு. கைகள் கோணலாகக் கூடிவிட்டனவாம், இனி மூட்டை தூக்க முடியாது. இன்று அவனுக்கு எதிராக நான் முதல் சாட்சி. அவனைத் தூண்டும்படி எதுவும் நடக்கவில்லை என்று நான் சொன்னால் அவனுக்குப் பல ஆண்டுகள். தாங்க முடியாத தூண்டுதல் இருந்தது என்று நீதிபதி ஏற்றால் தண்டனை பெரிதும் குறையும். உள்ளே இருந்த நாட்களே போதும் என்று விட்டாலும் விடலாம் என்கிறார்கள். கூட்டத்தின் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். எழுதிய குமாஸ்தா நேர்மையானவர். "மூன்றாவதாகப் பேசியவர் செல்லாயி, வாய்க்கால்கரை. 'என் மகள்' (கூட்டத்தில் சிரிப்பு). 'கையை' (சிரிப்பு)." அவ்வளவுதான். அவள் என்ன சொன்னாள் என்று அதில் இல்லை. அவள் சொன்னால் பெண்டாட்டி சொல்வது என்பார்கள். எங்கள் மன்றத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும், அவர்கள்தானே சிரித்தார்கள்? எனக்கும் கேட்கவில்லை என்றுதான் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

போன வாய்தாவுக்குப் போயிருந்தேன். நீதிமன்றப் படிக்கட்டில் செல்லாயி நின்றாள். நெற்றியில் தையல் தழும்பு. நான் ஏதோ ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னும் சிரிக்கிறீங்களா சார்?" என்றாள்.

தாடை, நரம்பு, தகடு என்று சொல்லத் தொடங்கினேன். அவள் நிற்கவில்லை.

அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. சரி, அது போகட்டும். தம்பி, எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். நீங்கள் அந்தப் பக்கத்து வழக்கறிஞர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள். ஒத்திகை இல்லாமல் நான் எந்த மேடையிலும் ஏறியதில்லை. என்ன கேட்பதா? நான் சொன்னேனே, ஒரே கேள்வி. கேளுங்கள்.

என் தாடை ஏன் உடைந்தது? நாற்காலி பட்டது.

அதற்கு முன்? மருதைமுத்து அதை எடுத்தான்.

அதற்கு முன்? அவன் முரட்டு ஆள். எங்கள்மீது வெகுநாள் பொறாமை.

ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்? அது நடந்த செயல் அல்ல, என் கருத்து என்கிறீர்களா? ... சரிதான். தொழிற்சாலையில் யாராவது இப்படிப் பதில் சொல்லியிருந்தால் நானே தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன். மறுபடி கேளுங்கள்.

அதற்கு முன்? நாற்பத்து மூன்று பேர் சிரித்தார்கள்.

அதற்கு முன்?

சொல்கிறேன். அவசரப்படுத்தாதீர்கள். ஓட்டுநர் வேறு பிரேக்கைப் போட்டுப் போட்டு... செல்லாயி பேசினாள். நான் முதல் வரிசையில், அவளுக்கு மூன்றடி தள்ளி இருந்தேன். அவள் சொன்னது கேட்டதா என்றா கேட்கிறீர்கள்?

கேட்டது தம்பி. எழுத்து எழுத்தாகக் கேட்டது.

"ஐயா, எம் மவ மோனிஷா. ஐப்பசியில விடியக்காத்தால திடுதிப்புன்னு தண்ணி ஏறிருச்சு. கையப் புடிச்சுக்கிட்டுதான் நின்னேன். சார்மாருக்குக் கத்தாழ உரிச்ச கையி. வழவழன்னு இருந்துச்சு. புள்ளை 'அம்மா விட்றாத, விட்றாத'ன்னுது. நான் விடலய்யா. வழுக்கிக்கிட்டுப் போயிருச்சு."

இதைத்தான் சொன்னாள். பதினாறு நாள் கழித்து அந்தக் கையால்தான் எனக்குத் தம்ளரை நீட்டியிருக்கிறாள். நான் குடித்திருக்கிறேன். குடித்துவிட்டுக் கண்டித்திருக்கிறேன்.

இது காதில் விழுந்தபோது என் கை எங்கே இருந்தது என்பதுதானே உங்கள் அடுத்த கேள்வி? மேலேதான் இருந்தது. விரல்களை மூட எவ்வளவு நேரம் ஆகும்? பாருங்கள், இவ்வளவுதான். மூடியிருந்தால் சிரிப்பு நின்றிருக்கும். நாற்காலி தரையிலேயே இருந்திருக்கும். நான் மூடவில்லை. நடுவில் நிறுத்தினால் மன்றத்தின் ஒழுங்கு குலைந்துவிடும் என்று நினைத்தேன். தலைவன் தடுமாறினான் என்று நவநீதன் நினைத்துவிடுவார் என்று நினைத்தேன். ஒரு பிள்ளை தண்ணீரில் போன கதையைக் கேட்டுக்கொண்டே இதை நினைத்தேன். ஒரு விரல் யார்மீதும் படக் கூடாது என்றேன் அல்லவா? என் ஐந்து விரலும் அந்தப் பெண்மேல்தான் பட்டுக்கொண்டிருந்தன.

அந்த எழுத்தர் அழுதாரே தம்பி, எந்திரத்தைப் பார்த்ததே இல்லை என்று. அவர் பெயர் எனக்கு இப்போது நினைவுக்கு வரவில்லை. காலையிலிருந்து யோசிக்கிறேன்.

நிறுத்தம் வந்துவிட்டது. கொஞ்சம் வழி விடுங்கள். அதோ, வேப்பமரத்தடியில் நிற்கிறாளே, பச்சைச் சேலை, அவள்தான். இங்கே பார்க்கிறாள். நான் சிரிக்கவில்லை என்று அவளுக்குச் சொல்ல இந்த முகத்தால் முடியாது. கூண்டில் ஏறித்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அங்கே அரசு வழக்கறிஞர் இருப்பார், நவநீதன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், என் நாக்கு எழுதிக் கொடுத்த பழைய பதிலுக்கே ஓடினாலும் ஓடும். நீங்களும் இறங்குகிறீர்களா? நல்லதாயிற்று. நீதிமன்றப் படி வரைக்கும் கூட வாருங்கள் தம்பி. இன்னும் ஒருமுறை கேளுங்கள். நாற்பத்து மூன்று பேர் சிரித்தார்கள் என்று சொல்லிவிட்டேன். அதிலேயே நின்றுவிட விடாதீர்கள். கேளுங்கள்: அதற்கு முன்?